வாசிக்கப்படாத இதழின் விலை

கலைப்பொருள் ஒன்றுக்குச் சந்தையிலே கிடைக்கும் விலையே அக்கலையின் மேன்மைக்குச் சான்று என்று கருதும் போக்குப் படித்தவர் மத்தியிலும் வேரூன்றிவிட்டது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நெடுங்காலமாக வழங்கிவந்த இவ்வளவுகோல், பத்துச் சதத்துக்குத் தெருமுனைக் கடைகளிலே விற்கப்பட்ட சிறுவர் சித்திரக்கதைக்கும் இப்பொழுது வந்து சேர்ந்துள்ளது. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'அக்‌ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழின் பிரதியொன்று 2024 ஏப்ரிலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. 1939இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' முதலாவது இதழின் பிரதியொன்று 2025 நவம்பரில் 91 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலையைப் பெற்றது. இச்செய்திகளைக் கண்ணுற்றோர் சிலர், சாதாரண மக்களின் கலைக்கு உரிய மதிப்பு இறுதியிலே கிடைத்துவிட்டதென மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சி நியாயமானதா? மதிப்புப் பெற்றது எது? கதையா? அதனை ஆக்கியோரா? அதனை வாசித்து வளர்த்த மக்களா? இவற்றுள் எதுவுமன்று என்பதே எமது வாதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சித்திரக்கதைகளைச் சேர்த்து வைப்போர் யாவரும் ஒரே இனத்தவரல்லர். இளமையிலே தம்மை ஆட்கொண்ட கதைகளை மீண்டும் வாசிக்க விரும்பி, விட்டுப்போன இதழ்களைத் தேடி அலைபவர் ஒருவர். நாளை இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என எண்ணி வாங்குபவர் வேறொருவர். முன்னவருக்கு இதழ் ஒரு நூல். பின்னவருக்கு அது பண்டம் மட்டுமே. நமது வழக்கு முன்னவருடன் அன்று.

பின்னவர் உண்மையில் எதனை விலை கொடுத்து வாங்குகின்றார்? கதையை என்று கூறுதல் பொருந்தாது. சூப்பர்மேனின் முதற் கதை பல தடவை மறுபதிப்புப் பெற்றுள்ளது. அதனை எவரும் சிறு தொகைக்கு வாங்கி வாசிக்கலாம். அவ்வாறு எத்தனை மறுபதிப்பு வெளிவந்தாலும் மூலப் பிரதியின் விலை குறைவதில்லை. வாசிப்புக்கும் இவ்விலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வேண்டுமெனின் தரநிர்ணய முறையை நோக்குக. 1970இல் றொபேட் ஓவர்ஸ்ட்ரீட் என்பார் பழைய இதழ்களுக்கான விலைக் கையேட்டை வெளியிடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு முதல் சி.ஜி.சி. என்னும் நிறுவனம், ஒவ்வோர் இதழையும் சோதித்து 0.5 முதல் 10 வரை புள்ளியிட்டு, கடினமான பிளாஸ்டிக் உறையினுள் அடைத்து முத்திரையிட்டுக் கொடுத்து வருகின்றது. மடிப்பு, கிழிசல், கறை, கைபட்ட அடையாளம் ஆகிய யாவும் புள்ளியைக் குறைப்பன. அவ்வுறையைத் திறந்தால் சான்றிதழ் செல்லுபடியாகாது. அதாவது, உடைமையாளர் தமது இதழை வாசிக்கத் திறந்த கணமே அதன் பெறுமதி குறையக்கூடும்! நூலின் பயன்பெறுமதி வாசிக்கப்படுவதிலே தங்கியுள்ளது. இங்கோ வாசிக்கப்படாமையே பரிமாற்றப் பெறுமதியின் நிபந்தனையாகிவிட்டது. பாடசாலை நூலகத்திலே கந்தலாகிக் கிடக்கும் நூலே மாணவரால் மிகுதியும் விரும்பப்பட்ட நூல் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். அந்நூலுக்கு இச்சந்தையில் இடமில்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று நம் முன்னோர் கூறியது இத்தகைய உடைமையையே.

இனி, இவ்வருமை எவ்வாறு தோன்றியது எனக் காண்போம். 'அக்‌ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழ் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டதென்றும், அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை நூறளவினவே என்றும் மதிப்பிடப்படுகின்றது. ஏனையவை எங்கே? பிள்ளைகள் வாசித்துக் கிழித்தனர், கைமாற்றிக் கொண்டனர், தாய்மார் குப்பையிலிட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பழைய கடதாசி சேகரிக்கும் இயக்கத்திற் கட்டுக் கட்டாகச் சென்று கூழாயின. 1948இல் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் போன்ற ஊர்களிலே, பிள்ளைகளைக் கெடுப்பன என்று கூறி அவற்றைக் குவித்து எரித்தனர். 1954இல் அமெரிக்க செனற் சபையின் உபகுழு இத்தொழிலை விசாரணைக்கு உட்படுத்தியது. ஆக, இன்றைய கோடிகள் கலையின் உயர்வினாலே பிறந்தவையல்ல. ஒருபுறம் மக்கள் மனமார நுகர்ந்து தீர்த்ததினாலும், மறுபுறம் மேலோர் அதனைக் குப்பையென இகழ்ந்து அழித்ததினாலும் பிறந்தவை. அன்று எரித்த வர்க்கமே இன்று பெட்டகத்திற் பூட்டுகின்றது. எரிப்பதற்கும் பூட்டுவதற்கும் வாசகனைப் பொறுத்தவரை வேறுபாடு யாது?

இவற்றை ஆக்கியோரின் கதையோ இன்னும் கசப்பானது. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் ஆகிய இருவரும் கிளீவ்லண்ட் நகரத்து யூதக் குடியேற்றக் குடும்பங்களிலே வளர்ந்த ஏழை இளைஞர்கள். பொருளாதார மந்தத்தின் நடுவே அவர்கள் படைத்த சூப்பர்மேன், தொடக்கத்தில் விண்வெளி அரக்கர்களுடன் பொருதவில்லை. மூன்றாவது இதழிலே, பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை வேலைசெய்ய வைத்த சுரங்க முதலாளியை அச்சுரங்கத்தினுள்ளேயே சிக்கவைத்து, அவ்வாபத்தை அவனே உணருமாறு செய்கின்றான். இப்பாத்திரத்தின் உரிமை முழுவதையும் இவ்விளைஞர்கள் 1938இல் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் வழக்காடித் தோற்றனர். கண்பார்வை மங்கிய ஷூஸ்டர் வறுமையில் வாடினார். 1975இல் சீகல் பகிரங்கமாகக் குரலெழுப்பிய பின்னரே, உரிமையாளராகிய வோர்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் வழங்கவும் அவர்தம் பெயரைப் பொறிக்கவும் இசைந்தது. அந்த 130 டொலரையும் உள்ளடக்கி அவர்களுக்கு வழங்கப்பட்ட 412 டொலர்க் காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தது; 160,000 டொலருக்கு விலைபோயிற்று. உழைப்பாளியை ஏமாற்றிய பற்றுச்சீட்டுக்கூட அவ்வுழைப்பின் கூலியைவிடப் பன்னூறு மடங்கு விலை பெறுகின்றது! மார்வல் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாத்திரங்கள் பலவற்றை உருவாக்கிய ஜக் கேர்பி, தாம் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறுவதற்கே 1980களில் அந்நிறுவனத்துடன் போராட நேர்ந்தது. கிடைத்தவையும் ஒரு பகுதியே. விலையேற்றம் படைப்பாளியைக் கௌரவிக்கின்றது என்போர் இவ்வரலாற்றுக்கு என்ன விடை கூறுவர்? கைமாறுந்தோறும் இலாபம் ஈட்டுவோர் விற்பவரும் இடைத்தரகருமே. ஆக்கியோருக்கு அதிற் சல்லிக்காசும் உரித்தன்று.

"ஆயினும் சாமானியனும் இதனாற் செல்வனாகலாமன்றோ?" என்று கேட்பாருளர். 2025இல் விற்கப்பட்ட அப்பிரதி கலிபோர்னியாவிலே காலஞ்சென்ற தாயொருத்தியின் பரணிலிருந்து பிள்ளைகள் கண்டெடுத்தது என்பதை எடுத்துக்காட்டாகக் கூறுவர். இது சீட்டிழுப்பில் ஒருவன் வென்றதைக் காட்டி ஊராரைச் சீட்டு வாங்கத் தூண்டுவது போன்றதே. ஊராரெல்லாம் சீட்டு வாங்கியபோது நிகழ்ந்தது யாது என்பதற்கு 1990களின் வரலாறு உண்டு. பழைய இதழ்களின் விலையைக் கண்டு மயங்கிய பெருந்தொகையானோர் புதிய இதழ்களை முதலீடாக வாங்கலாயினர். பதிப்பகங்கள் இம்மயக்கத்தை நன்கு பயன்படுத்தின. 1991இல் 'எக்ஸ்-மென்' புதிய தொடரின் முதலாவது இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வெளியாகி 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுத்த உறையினுள் ஒட்டப்பட்டு வந்தது. வாசிக்க ஒன்றும், உறை பிரியாது வைக்க ஒன்றுமாகப் பலர் வாங்கினர். பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு இப்பெட்டிகள் உதவும் என நம்பிய பெற்றோரும் இருந்தனர். எல்லோரும் பேணி வைத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? சில ஆண்டுகளிலே விலை சரிந்தது. விற்காத இதழ்களைத் திருப்பிக் கொடுக்க இயலாத முறையிலே கொள்வனவு செய்திருந்த சிறு கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1991இல் பங்குச்சந்தையில் நுழைந்த மார்வல் நிறுவனம் 1996 டிசம்பரில் வங்குரோத்தானது. ஊக வணிகத்திலே இலாபம் சிலருக்கும் நட்டம் பலருக்கும் உரியது என்னும் விதி இங்கும் பொய்க்கவில்லை.

படிப்பினை பெற்றார்களா? இல்லை. இன்றும் ஓரிதழுக்குப் பல அட்டைகள் அச்சாகின்றன. ஓர் அரிய அட்டையைப் பெறுதற்காகக் கடைக்காரர் சாதாரணப் பிரதிகள் இருபத்தைந்தை வாங்க வேண்டிய முறை நிலவுகின்றது. ஓர் அரிய பிரதியின் உரிமையைச் சிறு பங்குகளாகப் பிரித்து விற்கும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. பங்குதாரர் தமது 'உடைமையை' ஒருமுறை தொட்டும் பாரார்.

இவர்களை வெறும் பேராசைக்காரர் எனத் தூற்றுவதும் போதாது. ஊதியம் தேய்ந்து, முதுமைக்கும் நோய்க்கும் உத்தரவாதமற்ற சமூகத்திலே, மனிதன் தன் இளமை நினைவையே அடகுவைத்து நாளையைக் காக்க முயல்கின்றான். அவனிடத்து இரக்கமே பிறக்கின்றது. ஆனால், அவனது அச்சத்தை மூலதனமாக்கும் ஏல நிலையங்களையும் தரகரையும் கலைக் காவலர் எனப் போற்றுவதற்கு நாம் உடன்படலாகாது.

"பணம் இல்லையேல் இவ்விதழ்கள் பேணப்பட்டிரா" என்பது இறுதி வாதம். பேணுதல் என்பதன் பொருளை பில் பிளக்பேர்ட் என்னும் அமெரிக்கரின் பணியிலே காணலாம். நுண்படச் சுருளில் எடுத்தபின் நூலகங்கள் கழித்துவிட முற்பட்ட பழைய பத்திரிகைகளை, அவற்றில் வந்த சித்திரத் தொடர்களுக்காக அவர் கேட்டுப் பெற்றார். 1968இல் சன் பிரான்சிஸ்கோவிலே இலாப நோக்கற்ற நிலையமொன்றை நிறுவி அவற்றைச் சேர்த்தார். ஏறத்தாழ 75 தொன் எடையுள்ள அச்சேகரம் 1998இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. இன்று அது ஆய்வாளருக்கும் வாசகருக்கும் பயன்படுகின்றது. பழுப்பேறிய அத்தாள்களுக்கு எவரும் புள்ளியிடவில்லை. அவற்றிலிருந்து பல தொகுப்பு நூல்கள் பிறந்தன.

இது நமக்குப் புறம்பான விடயமன்று. 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவரத் தொடங்கிய முத்து கொமிக்ஸ் முதலியவற்றின் பழைய பிரதிகளும் இன்று முகப்பு விலையின் பன்மடங்குக்குக் கைமாறுகின்றன. ஆயின் தமிழில் மறுபதிப்புகளும் வெளிவருகின்றன. அவற்றை வாங்கி வாசிப்போரும் உளர். இவ்விரு வழிகளுள் எதனை நாம் வளர்க்கப் போகின்றோம் என்பதே வினா.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்கு விடையளிக்கக் கூடியவர்கள். வீட்டிலே பழைய சித்திரக்கதைகள் இருப்பின் அவற்றின் சந்தை விலையைத் தேடுமுன் அவற்றை வாசிக்கக் காத்திருக்கும் பிள்ளையைத் தேடுங்கள். மிக அரியனவாயின் பொது நூலகத்துக்கு வழங்குங்கள். ஏனையவற்றை வகுப்பறையிலே சுற்றுக்கு விடுங்கள். கிழியுமே என அஞ்சற்க. சுரங்க முதலாளியைச் சுரங்கத்தினுள் சிக்கவைத்த கதை, அதனை வாங்க வழியற்ற பிள்ளையின் கையிலே கிழிவதற்கே எழுதப்பட்டது.