திறந்த கதவு தானாகத் திறந்திருக்காது

எங்கள் பல்கலைக்கழக மன்றத்தில் அண்மையில் தேர்தல் நடந்தது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட மூவரும் ஆண்கள். நான் செயலாளர் பதவிக்குப் பெயர் கொடுத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தலைவராகலாம் என்று எனக்கே தோன்றவில்லை.

அதே வாரம், ஒரு பாடக் கட்டுரைக்காகச் சான் சோய் சியோங் பற்றிப் படித்தேன். அதுவரை அந்தப் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

1957 டிசம்பரில் சிங்கப்பூர் நகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. மக்கள் செயல் கட்சி சார்பில் வென்ற 13 பேரில் இவரும் ஒருவர். அப்போது இவர் இருபதுகளில் இருந்த இளம்பெண். குடிநீர், மின்சாரம், சாலை விளக்கு, துப்புரவு என மக்களின் அன்றாடத் தேவைகளைக் கவனித்த மன்றம் அது. இவரது அரசியல் பயணம் அங்கிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றது. 1959 தேர்தலில் டெல்டா தொகுதியில் வென்றார். அந்தத் தேர்தலில் வென்ற பெண்கள் மொத்தம் ஐவர்.

அக்காலத்தில் சீன, இந்து ஆண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கச் சட்டத்தில் தடையில்லை. நாம் மேடைதோறும் பேசும் ‘ஒருவனுக்கு ஒருத்தி’ அன்று சட்டமாகவில்லை. ஆண்கள் வெட்டிக்கொள்ள மேசையில் வைத்த இறைச்சித் துண்டு போலப் பெண்ணின் நிலை இருப்பதாகச் சட்டமன்றத்திலேயே இவர் சாடினார். 1961ல் மாதர் சாசனம் நிறைவேறியது. முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. மற்ற எல்லாருக்கும் ஒருதார மணமே சட்டமானது. நம் தமிழ்க் குடும்பங்களின் பாட்டிமாருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் என்னை உறுத்தியது அடுத்து நடந்ததுதான். 1970ல் இவர் விலகியபின் நம் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. 1984 பொதுத்தேர்தலில் மூன்று பெண்கள் வெல்லும்வரை, 14 ஆண்டுகள் அதே நிலை.

“தகுதி இருந்தால் போதாதா, ஆண் பெண் என்று ஏன் பார்க்க வேண்டும்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 14 ஆண்டுகளில் பெண்கள் பள்ளிகளில் கற்பித்தார்கள், மருத்துவமனைகளில் பணியாற்றினார்கள், தொழிற்சாலைகளை இயக்கினார்கள். அவர்களில் ஒருவருக்குமா தகுதி இல்லை? 1984ல் வென்ற மூவரும் ஆளுங்கட்சி வேட்பாளர்கள். கட்சி நிறுத்தியது, மக்கள் வாக்களித்தார்கள். அதற்கு முந்திய மூன்று பொதுத்தேர்தல்களிலும் ஒரு பெண்ணைக்கூட அது நிறுத்தவில்லை.

ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் அது என்றும் திறந்தே இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இருப்பதில்லை. பின்னால் வருபவர்கள் நுழையாவிட்டால், யாரும் சாத்தாமலேயே அது மூடிக்கொள்ளும். எங்கள் மன்றத்தில் நடந்ததும் அதுதான். அதில் எனக்கும் பங்குண்டு.

அடுத்த ஆண்டு தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போகிறேன். தோற்கலாம், பரவாயில்லை. உங்கள் மன்றத்திலும் தகுதியுள்ள ஒரு தோழி செயலாளர் பதவியோடு நின்றுவிடக்கூடும். “நீ ஏன் தலைவராக நிற்கக்கூடாது?” என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.