எடைக் குறைப்பு ஊசி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மாவட்டத் தலைநகர் ஒன்றில் மருந்துக் கடை நடத்துகிறேன். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர். துறையின் கோப்புக்கு வந்து சேராத சில செய்திகள் எங்கள் மேஜைக்கு முதலில் வந்துவிடும். இப்போது வந்துகொண்டிருக்கும் கேள்வி இது: "அண்ணே, வெயிட் குறையுற ஊசி இருக்கா?"

கேட்பவர் பலரிடம் டாக்டர் சீட்டு இருப்பதில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்பார் ஒருவர். துபாயில் இருக்கும் மச்சான் போட்டுக்கொண்டு இளைத்துவிட்டான் என்பார் இன்னொருவர். அதே வரிசையில் ஓர் அம்மா நிற்பார். முழங்கால் தேய்ந்திருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இருக்காது, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு படி இறங்குவார். இப்படி ஒரு ஊசி இருப்பதே அவருக்குத் தெரியாது. தேவையில்லாதவர் தேடி வருகிறார், தேவைப்படுபவருக்குச் சொல்ல ஆளில்லை. இதை மாற்றும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடல்.

இதுவரை விலையே ஒரு தடையாக இருந்தது. 2025 மார்ச்சில் எலி லில்லியின் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது, வாரம் ஒன்று போட வேண்டிய 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் வந்த நோவோ நார்டிஸ்க்கின் வெகோவிக்குத் தொடக்க அளவிலேயே மாதம் 17,345 ரூபாய் ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் வெகோவியின் விலையைக் குறைத்தார்கள். அதிலுள்ள செமாகுளூடைட் மருந்தின் இந்தியக் காப்புரிமையோ 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டது. நம் நாட்டு நிறுவனங்கள் பல களத்தில் இறங்கியிருக்கின்றன. விலை இறங்குவது நல்லதுதான், ஆனால் அதன் பிறகு இந்த ஊசி யாருக்கு என்பதை யார் முடிவு செய்வது? டாக்டரா, கடைக்காரரா, அழகு நிலையமா?

இந்த ஊசி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துவிடும். செமாகுளூடைட் அதைப் போலவே வேலை செய்து, வாரக் கணக்கில் உடலில் தங்கும்படி வடிவமைத்த மருந்து. மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் இதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வில் 1,961 பேரைப் பார்த்தார்கள். 68 வாரத்தில் செமாகுளூடைட் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை ஒன்றே. டிர்செபடைட் ஆய்வில் அதிக அளவு போட்டவர்களுக்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. இதய நோய் இருந்த 17,604 பேரிடம் செமாகுளூடைடை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்தன. என்னைக் கேட்டால் எடையைவிட இதுதான் பெரிய செய்தி.

நம்மூரில் பருமனானவருக்கு எல்லோரும் சொல்லும் ஒரே வைத்தியம் "வாயைக் கட்டு" என்பது. டாக்டர்களும் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறார்கள். கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எடை இறங்கியதும் உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். பருமன் ஒழுக்கக்கேடு அல்ல, நாள்பட்ட நோய். உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் எல்லோருக்குமாக அல்ல. சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ, கூடவே பருமனும் சேர்ந்தவர்களுக்கு. டிசம்பரில் பருமன் சிகிச்சைக்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது.

நம் மாநிலத்தின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 என்றிருந்தது. இவ்வளவு பேருக்கும் ஊசி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 77 கிலோவைத் தாண்டினால், அல்லது 69 கிலோவைத் தாண்டி சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொல்லையும் இருந்தால்தான் டாக்டர் எடைக்காக இந்த மருந்தை யோசிக்கலாம் என்பது அனுமதியின் அளவுகோல். 62 கிலோ எடையுள்ள கல்யாணப் பெண் இதில் வரவே மாட்டார்.

கடைக்காரனாக என்னை அச்சுறுத்துவது குப்பிதான். பேனா வடிவில் வந்தால் திருகி அளவு வைக்கலாம். குப்பியில் வந்தால் சிரிஞ்சில் இழுக்க வேண்டும். மருந்து மில்லிகிராமில், சிரிஞ்சின் கோடு யூனிட்டில். வாங்குபவர் வீட்டில் கணக்குப் போடுகிறார். அமெரிக்காவில் மருந்தகங்கள் கலந்து கொடுத்த செமாகுளூடைட் குப்பிகளில் இதே குழப்பம் வந்தது. சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் பிடிபட்ட போலி ஓசெம்பிக் (இதுவும் செமாகுளூடைட்தான்) பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருந்தது. தேவை எங்கே பெருகுகிறதோ அங்கே போலியும் வரும்.

சரியான அளவில் போட்டாலும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் பலருக்கு வரும். சிலருக்குப் பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி. தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் தொடவே கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் போடுபவருக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். இவற்றையெல்லாம் வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கு நடுவில், கல்லாவுக்கு இப்பக்கமிருந்து நான் எப்படிக் கேட்பது?

குறையும் எடையில் ஒரு பங்கு தசை என்பதையும் சொல்ல வேண்டும். ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி நாம் உண்ணும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் குறைவு. ஊசி போட்டுப் பசி அடங்கியவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால், முட்டையும் பயறும் இலையில் வராமலே போகும். ஊசிச் சீட்டோடு உணவு ஆலோசனையும் சேர்ந்து வராவிட்டால் இளைத்த உடம்பு பலவீனமான உடம்பாகிவிடும். இன்னொன்று, நிறுத்தினால் எடை திரும்பும். அந்த 2021 ஆய்வில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தபோது, நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல நெடுங்காலம் தேவைப்படும் மருந்து இது. "மூணு மாசம் போட்டா போதும்" என்று சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார்.

அந்தப் பொய்யைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. பருமனைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். ஆனால் பேருந்தின் முதுகிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்த்தால் அப்படிச் சட்டம் ஒன்று இருப்பதாகத் தோன்றாது.

நான் கேட்பதில் பெரும்பகுதி உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதுதான். மருந்து ஆய்வாளர்களை அனுப்பி, சீட்டில்லாமல் இந்த ஊசி விற்கும் கடைகள் மீது நடவடிக்கை எடுங்கள். என் கடையையும் சேர்த்துச் சோதியுங்கள், சந்தோஷப்படுவேன். மருத்துவர் இல்லாத அழகு நிலையங்களில் ஊசி புழங்கினால் மூடுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளைப் போல இவற்றையும் எச்1 பட்டியலில் சேர்த்தால், யார் எழுதி, யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வரும். அது தில்லியின் அதிகாரம், ஆனால் தமிழ்நாடு எழுதிக் கேட்டால் எடை இருக்கும்.

அதைவிட முக்கியம் அரசு மருத்துவமனை. 1994-இல் தொடங்கப்பட்டு, மொத்தமாகக் கொள்முதல் செய்து மருந்து விலையை அடக்கிக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உங்களிடம் இருக்கிறது. பல நிறுவனங்கள் போட்டியிடும்போது ஒப்பந்தப்புள்ளி கோரினால் சில்லறை விலையைவிட வெகுவாகக் குறைத்து வாங்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பருமனும் இதய நோயும் சேர்ந்தவர்களைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள், டாக்டரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து உட்காரும் ஒரு பிரிவு தொடங்குங்கள். முதலில் சிறிய எண்ணிக்கையில் தொடங்கி, ஓராண்டு கழித்து யாருக்கு என்ன ஆனது என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள்.

மெட்ஃபார்மின் அட்டையோடு படி இறங்கும் அந்த அம்மாக்களை அங்கே அனுப்பி வைக்க நாங்கள் தயாராக இருக்கிறோம். அனுப்ப ஓர் இடம் இருக்க வேண்டும், அதை அடுத்த நிதிநிலை அறிக்கைக்குள் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்