உலை வேறு, உறவு வேறன்று

பிள்ளைகள் கற்றுத் தேறிப் பணியில் அமர்ந்தபின் பெற்றோருடனேயே உறைதல் வேண்டுமா, தனித்து மனையமைத்து வாழ்தல் வேண்டுமா என்னும் வினா இக்கால் தமிழ்நாட்டின் பெரும்பாலான இல்லங்களில் எழுந்து நிற்கின்றது. நம் அன்பர் பலர் ஆராயாமலே இதற்கு விடை கூறிவிடுகின்றனர். 'தனிக்குடி மேலைநாட்டார் வழக்கம்; கூட்டுக் குடும்பமே தமிழர் மரபு; ஆகலின் தனித்துப் போவோர் மரபைக் கெடுத்தோர்' என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு நம் நூல்களோடும் பொருந்தவில்லை. நம் குடிகளின் வழக்கத்தோடும் பொருந்தவில்லை. பொருந்தாத ஒன்றை மரபென்று கூறி இளையோரைக் கடிவதால் மரபும் காக்கப்படாது. இளையோரும் நம் சொற்குச் செவிசாயார்.

முதற்கண் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். புகார் நகரத்து மாசாத்துவானும் மாநாய்கனும் பெருஞ்செல்வர். மணமக்கள் இருவர்க்கு அவர்தம் மாளிகைகளில் இடமில்லாமற் போயிற்றா? இல்லை. ஆயினும் கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் இல்லறம் நடத்துமாறு அமர்த்தியவள் கோவலனைப் பெற்ற தாயே. அச்செய்தியைக் கூறும் பகுதிக்கு 'மனையறம் படுத்த காதை' என்றே இளங்கோவடிகள் பெயரிட்டார். அறஞ்செய்தலும் விருந்தோம்பலுமாகிய பொறுப்புகளை அவ்விருவரும் தாமே ஏற்றுச் சிறத்தலைக் காண வேண்டும் என்பதே அத்தாயின் விருப்பம். 'மகனை மருமகள் பிரித்துக்கொண்டு போனாள்' என்று ஆங்கு எவரும் தூற்றவில்லை. பிரித்து வைத்தவள் தாயே.

'அவ்வாறு தனியே வைத்ததனாலன்றோ கோவலன் கெட்டான்?' எனச் சிலர் வினவுவர். மாதவியின் மனைக்குச் செல்லத் துணிந்தவனைத் தந்தையின் மாளிகைக் கதவு தடுத்திருக்கும் என்று கருதுவதற்கு இடமில்லை. மேலும் மகன் நெறி பிறழ்ந்தபோது பெற்றோர் மருமகளைக் கைவிட்டாருமல்லர். மாமனும் மாமியும் தன்னை அன்புமொழி கூறிப் பாராட்டியதையும், உள்ளத் துயரை மறைக்கத் தான் கொண்ட பொய்ம்முறுவலைக் கண்டு அவர்கள் வருந்தியதையும் கொலைக்களக் காதையில் கண்ணகியே எடுத்துரைக்கின்றாள். மனை வேறாயினும் அன்பு வேறாகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, அகப்பாடல்களில் செவிலியின் கூற்றாக வருவனவற்றை எண்ணிப் பார்க்க. மகள் தன் மனையில் இல்லறம் நடத்தும் திறத்தைச் செவிலி நேரிற் சென்று கண்டு, மீண்டு வந்து நற்றாய்க்கு உரைத்து மகிழ்விப்பது அவற்றின் துறை. ஐங்குறுநூற்றில் 'செவிலி கூற்றுப் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. அம்மனையில் நாம் காண்பவர் தலைவனும் தலைவியும் அவர்தம் புதல்வனுமே. தாய் அங்கே ஆட்சி செலுத்தச் செல்லவில்லை. செய்தி கேட்டு மகிழ்கின்றாள்.

நூலில் மட்டுமன்று, வழக்கத்திலும் இம்மரபு நின்று நிலவியது. செட்டிநாட்டு நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்கு மணமுடித்துச் சிறிது காலஞ் சென்றதும், மணமக்களுக்குத் தனி அறையும் தனி அடுப்பும் தந்து, அவர்கள் வரவையும் செலவையும் அவர்களையே பார்த்துக்கொள்ளச் செய்வர். கோட்டை போன்ற வீடு ஒன்றே, முற்றம் ஒன்றே, ஆனால் உலைகள் பல. மணமான ஒவ்வொருவனும் தன் குலத்தார் கோயிலில் தனித்ததொரு 'புள்ளி'யாக எண்ணப்பெற்றுத் தன் வரியைத் தானே செலுத்துவான். பெருஞ்செல்வமுடைய வணிகக் குடி, தன் மகனும் மருமகளும் ஆழாக்கு அரிசியையும் அளந்து செலவிடக் கற்க வேண்டும் என்று கருதி வகுத்த முறை இது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை 1706-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுத்தெழுதப்பெற்றது. அதன்படி, மணமாகாத ஆண்மகன் ஈட்டியது பெற்றோர்தம் பொதுவுடைமையோடு சேர்ந்தது. மணமே அவனை வேறாக்கியது.

அங்ஙனமாயின், கூட்டுக் குடும்பமே நம் அறம் என்னும் எண்ணம் எங்கிருந்து இத்துணை வலுப்பெற்றது? உழவுக் குடிகள் நிலத்தைத் துண்டாடாமல் ஒருங்கிருந்து பயிரிட்ட பயன் கருதிய கூட்டு வாழ்வு நம்மிடம் இருந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அதற்குச் சட்டத்தின் கடுமையை ஏற்றியது வடமொழி நூலே. யாக்ஞவல்கியரின் நூலுக்குச் சளுக்கிய நாட்டு விஞ்ஞானேசுவரர் வரைந்த மிதாட்சரம் என்னும் உரையே, முன்னோர் உடைமையில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்குண்டு எனவும், குடும்பம் பிரியும்வரை அவ்வுடைமை பொது எனவும் விரித்துரைத்தது. ஆங்கிலேயர் தம் முறைமன்றங்களில் அதனையே தமிழர்க்கும் சட்டமாக்கினர். மதுரைப் பகுதியிற் பணியாற்றிய நெல்சன் என்னும் ஆங்கில அலுவலர் 1877-இல் வெளியிட்ட தம் நூலில், தத்தம் வழக்கத்தின்படி வாழும் தென்னாட்டு மக்கள்மேல் வடநூற் சட்டத்தைச் சுமத்துதல் முறையன்று என்று வலியுறுத்தினார். அவர் குரல் எடுபடவில்லை. அச்சட்டத்திலும் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கில்லை. 1989-இல் தமிழ்நாட்டரசும் 2005-இல் நடுவணரசும் கொணர்ந்த திருத்தங்களே அவளை மகனோடு ஒப்ப நிறுத்தின. மகளுக்கு இடந்தராத ஒன்றைத் தமிழறம் என்று போற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகலின், வளர்ந்த மக்களை வேறு வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் இக்காலத்தில் ஒரு வேறுபாடு உண்டு. முற்காலத்தில் மணமே எல்லைக்கல். இன்றோ இளையோர் பலர் 28, 30 அகவைக்குப் பின்னரே மணக்கின்றனர். ஆனால் 21, 22-இலேயே ஈட்டத் தொடங்குகின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் யார்? பிள்ளைகளா, பெரியோரா? இவ்வினாவிற்கு நாம் விடை காணாமையாலேயே இல்லந்தோறும் பூசல் விளைகின்றது.

முப்பதாண்டுகளாக மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் கண்டுவருபவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். உழைக்கும் அகவையிலும் தான் உண்ட தட்டைத் தான் கழுவாத, தன் உடையைத் தான் துவைக்காத ஆண்மகனை உருவாக்குவது பெரும்பாலும் தாயின் அளவிறந்த அன்பே. அவன் திங்கள்தோறும் பெறும் ஊதியம் கைப்பேசிக்கும் ஈருருளிக்கும் செலவாகும். அறுபது அகவையை நெருங்கும் தாய் விடியலில் எழுந்து அவனுக்குச் சோறு கட்டுவாள். இது கூட்டு வாழ்வன்று. ஒருத்தியின் உழைப்பில் மற்றவர் குளிர்காய்தல். அவனுக்கு மணமானதும் அச்சுமை அப்படியே மருமகளின் தலைக்கு மாறும். ஈராண்டேனும் தனித்திருந்து, குடிக்கூலி கொடுத்து, அரிசி களைந்து உலைவைத்துப் பழகிய இளைஞனுக்குத் தாயின் அருமையும் தெரியும். வரப்போகும் மனைவியின் அருமையும் தெரியும்.

பெண்மக்களுக்கோ இவ்வுரிமை இன்னும் இன்றியமையாதது. திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் பணியாற்றுகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க தங்குமிடம் 2024-இல் திறக்கப்பெற்றது. பணிபுரியும் மகளிர்க்கெனத் தமிழ்நாட்டரசு நடத்தும் விடுதிகளுக்குத் 'தோழி' என்னும் அழகிய தமிழ்ப்பெயர் அமைந்துள்ளது. இங்ஙனம் வெளியூரில் உழைத்து வீட்டிற்குப் பணம் விடுக்கும் மகளை, 'தனியே இருப்பவள்' என்று ஐயுற்றுப் பேசும் நாவுகள் நம்மூரில் இன்னும் ஓயவில்லை. அவள் விடுக்கும் பணத்திற்கு இல்லாத மாசு, அவள் உறையும் அறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இத்துணையும் கூறியதனால், பெற்றோரை விட்டு நீங்குதலே பெருமை என்று யாம் கூறியதாக எவரும் கொள்ளற்க. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 அகவை கடந்தோர் நூற்றுக்குப் பதின்மருக்கும் மேல். ஒரு குடும்பத்தின் அளவோ சராசரியாக நால்வருக்கும் குறைவு. 2019-21 ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளைகள் என்னும் அளவிற்கு மகப்பேறு சுருங்கியுள்ளது. முன்பு ஐவர் பகிர்ந்து சுமந்த பெற்றோரை இனி ஒருவரோ இருவரோ சுமக்க வேண்டும். அவ்வொருவரும் கடல் கடந்து சென்று, திங்களுக்கொருமுறை பணம் விடுத்தலோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், முதியோர் நிலை என்னாவது? பெற்றோரைப் பேணாத மக்கள்மேல் முறையிட 2007-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பேணுவான் என்று நம்பி அவ்வுறுதியின்மேல் எழுதிக்கொடுத்த உடைமையை, அவன் பேணாவிடின் திரும்பப் பெறவும் அது வழிசெய்கின்றது. அன்பினால் நடக்க வேண்டியதைச் சட்டத்தால் நடத்த நேர்ந்தமை நமக்கு இழுக்கே.

மற்றோர் இழப்பும் உண்டு. இது நம்மனோர் நெஞ்சைச் சுடுவது. தமிழ் நாவிற்கு முதற்பள்ளி பாட்டியின் மடியே. வேற்றூரில் அடுக்குமாடியில் வளரும் பேரக்குழந்தைக்கு உறவுமுறைச் சொற்களே தெரிவதில்லை. அத்தைக்கும் சித்திக்கும் மாமிக்கும் பெரியம்மைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றே என்றாகிவிட்டபின், அவ்வுறவுகளும் ஒன்றாக மங்கிப்போகின்றன. உலை வேறாகலாம், மொழி வேறாகலாகாது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, செயற்பாலனவாக யாம் கருதுவன இவை. பணியில் அமர்ந்த மகனையும் மகளையும் பெற்றோர் தாமே முன்வந்து, உரிய காலத்தில், வேறு வைக்க வேண்டும். சண்டையிட்டுப் பிரியும்வரை காத்திருத்தல் கூடாது. அயலூரிற் பணியெனில் அவ்வூரில்; உள்ளூரிற் பணியெனில் நடந்து செல்லும் தொலைவில். தனிமனைக்குப் பொருள்வலி இல்லாதார் ஒரே வீட்டில் வாழலாம்; ஆனால் செலவிலும் அடுக்களை வேலையிலும் மகன் தன் பங்கை ஏற்க வேண்டும். தனிமனையின் பெயரால் பெற்றோரின் ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் கரைத்துப் பெருவீடு வாங்குதல் தனித்து வாழ்தலாகாது. அது தொலைவிலிருந்து உறிஞ்சுதல். பெற்றோரும் தம் உடைமையைத் தம் வாழ்நாள் வரை தம் பெயரிலேயே வைத்திருத்தல் நன்று. அவர்கள் தளர்ந்த நாளில், மகன் மனையோ மகள் மனையோ, எதுவாயினும் அது அவர்களுக்குத் தயக்கமின்றித் திறக்க வேண்டும். அக்கடமை மகனுக்கு மட்டும் உரியதன்று. விடுமுறைத் திங்களில் பேரக்குழந்தைகள் பாட்டன் பாட்டியரின் மனையிற் கிடந்து தமிழ் கேட்டு வளரவும் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை உங்கள் நிழலிலேயே நிறுத்திக்கொள்ளாதீர்; ஆலின் கீழ் நிற்கும் நாற்று ஆலாவதில்லை. இளையோரே, செல்லுங்கள், உங்கள் உலையை நீங்களே ஏற்றுங்கள். ஆனால் அவ்வுலையில் இருவர்க்கு மேலும் இரண்டு பிடி அரிசி இட்டு வையுங்கள். உங்களைப் பெற்றவர் எந்நாளும் உங்கள் வாயிலில் வந்து நிற்கலாம், அவர்கள் விருந்தினரல்லர்.