எலியின் அசைவின்மையும் மனிதனின் மனச்சோர்வும்

மனச்சோர்வு நோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அம்மருந்து இதுவரை எலிகளுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளது என்பது செய்தியின் கடைசி வரியில் இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. இதைப் பற்றி மாணவர் ஆசிரியரிடமும், நோயாளியின் குடும்பத்தார் சுகாதார ஊழியரிடமுமே முதலில் வினவுகின்றனர். ஆகவே இப்பரிசோதனைகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்பதை இவ்விரு சாராரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

இத்துறையில் மிகுதியாகக் கையாளப்பட்டு வந்திருப்பது கட்டாய நீச்சற் பரிசோதனை. பிரான்சு நாட்டில் போர்ஸோல்ட் என்பாரும் அவருடைய துணைவர்களும் இதனை 1977-இல் வெளியிட்டனர். நீர் நிரம்பிய உயரமான உருளைப் பாத்திரத்தில் எலியை 15 நிமிடம் விடுவர். வெளியேற வழியில்லை. எலி முதலில் வேகமாக நீந்தும். சுவரில் ஏற முயலும். பின்னர் மூக்கை நீருக்கு மேல் வைத்துக்கொள்ளத் தேவையான அளவே அசைந்து மிதக்கும். மறுநாள் மீண்டும் 5 நிமிடம் விட்டு, அசைவற்றிருந்த நேரத்தைக் கணக்கிடுவர். இடையில் இமிப்ரமின் போன்ற மருந்து பெற்ற எலிகள் குறைந்த நேரமே அசைவற்றிருந்தன. சுண்டெலியை வாலால் தொங்கவிட்டு 6 நிமிடம் கவனிக்கும் முறை 1985-இல் வெளிவந்தது. அதன் தத்துவமும் இதுவே.

இவ்வசைவின்மைக்கு ஆராய்ச்சியாளர் 'நம்பிக்கையிழப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அதனை அவ்வாறே தமிழில் பெயர்த்தெழுதுவது தகாதென்பது என் கருத்து. அசைவின்மை கண்ணாற் கண்டது. நம்பிக்கையிழப்பு கருத்தால் ஏற்றியது. மிதக்கும் எலி மனமுடைந்து போயிற்று எனலாம். ஏற இயலாதென்பதைக் கற்றுக்கொண்டு வலிமையைச் சேமிக்கிறது என்றும் கூறலாம். மறுநாள் அது விரைவிலேயே மிதக்கத் தொடங்குவது நினைவாற்றலின் பயனாகவும் இருக்கக்கூடும். 'எலி மனமுடைந்தது' என்று ஒருமுறை அச்சேறிவிட்டால், வாசகர் அதனைக் கண்டறிந்த உண்மையாகவே கொள்வர். மொழிபெயர்ப்பாளனுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு.

பரிசோதனையின் முடிவுகளும் இவ்வெச்சரிக்கையை வலியுறுத்துகின்றன. காப்பியிலுள்ள காஃபீனும், ஆம்ஃபிடமின் என்னும் ஊக்கப்பொருளும் எலியின் அசைவின்மையைக் குறைக்கின்றன. அவை மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் அல்ல. மனிதரில் இம்மருந்துகளின் பயன் தோன்றச் சில வாரங்கள் ஆகும். எலியிலோ ஒரே நாளில் மாறுதல் தெரிகிறது. இன்று பரவலாக வழங்கப்படும் புளூவாக்ஸெட்டின் வகை மருந்துகளைப் பழைய முறை பலமுறை இனங்காணத் தவறியது. நீந்துதலையும் ஏறுதலையும் தனித்தனியே கணக்கிடும் திருத்தம் 1995-இல் வந்த பின்னரே அக்குறை ஓரளவு நீங்கியது.

இப்பரிசோதனை பயனற்றதென்று கூற நான் முன்வரவில்லை. ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்களை விரைவில் சலித்தெடுக்க அது சல்லடையாகப் பயன்பட்டது. ஆயினும் பழைய மருந்துகளை ஒத்தவற்றையே அச்சல்லடை பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். முதல் மருந்துகள் இவ்வழியே வரவுமில்லை. 1952-இல் நியூயார்க் ஸீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியஸிட் பெற்ற காசநோயாளிகளிடம் உற்சாகம் மிகுந்ததைக் கண்டனர். ஸ்விட்ஸர்லாந்தின் டாக்டர் ரோலண்ட் கூன், இமிப்ரமினை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1957-இல் வெளியிட்டார். இவ்விரண்டிலும் வழிகாட்டியது நோயாளியைக் கூர்ந்து நோக்கிய கண்ணே.

எலிக்கு உண்டாகும் துன்பத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் நீச்சற் பரிசோதனைக்குச் சட்டத்தால் தடை விதித்தது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஆராய்ச்சியை அனுமதிக்கிறது. தேவையற்ற துன்பத்தைத் தவிர்க்குமாறும் பணிக்கிறது. பயன் ஐயத்திற்குரியதாயின், துன்பத்திற்கு நியாயமும் அந்த அளவிற்குக் குறைந்துவிடுகிறது.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய இருபதின்மரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் மனச்சோர்வு நோய்க்கு உள்ளாகின்றனர். எலியில் பலித்த மூலிகையைக் கேள்விப்பட்டு, மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிடும் நோயாளி பெருந்தீங்கிற்கு உள்ளாகலாம். அதனால் இத்தகைய செய்தி வரும்போது மூன்று வினாக்களை எழுப்புவது நன்று. பரிசோதனை எந்த உயிரில் நடந்தது? அவ்வுயிர் செய்தது என்ன, அதற்குச் சூட்டிய பெயர் என்ன? மனித நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதித்தனரா? மூன்றாம் வினாவிற்கு 'இல்லை' என்பது விடையாயின், அது ஆராய்ச்சிச் செய்தி மட்டுமே, சிகிச்சை அன்று. இவ்வேறுபாட்டை ஆசிரியர் வகுப்பிலும், ஊழியர் வீட்டு வாயிலிலும் எளிய தமிழில் எடுத்துரைப்பாராயின், அதுவே விஞ்ஞானத்திற்கும் நோயாளிக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.