சேற்றூரின் புறவாசல்கள்

பழைய ஏடுகளிலும் புலவர் பெயர்களிலும் சேற்றூர் என்று எழுதப்பட்ட ஊர், பேச்சில் சேத்தூர் ஆகிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்கே மலையை அணைந்தபடி கிடக்கும் ஊர். பெயரிலேயே சேற்றை வைத்திருக்கும் இவ்வூரில் புறவாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிமெண்ட் தளமாகி வருகின்றன. காரணம் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: களை. ஐப்பசி மழை விழுந்த சில நாட்களில் பச்சை மண்டிவிடுகிறது, பூச்சி பொட்டு அடைகிறது, யார் பறிப்பது?

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. அம்மா சிமெண்ட் கட்சி, நான் மண் கட்சி. மழைநீர் மண்ணில் இறங்க வேண்டும், தும்பைக்கு வண்ணத்துப்பூச்சி வரும் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவ. இந்த முட்டுவலியோட குனிஞ்சு பறிக்கப்போறது யாரு?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இலக்கிய வாசகர்களாகிய நம்மில் பலரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். தானாய் முளைத்த செடியைப் பற்றிக் கவிதை எழுதியவர்களில் எத்தனை பேர் வெயிலில் குத்தவைத்து ஒரு பாத்தி களையெடுத்திருப்போம்? வயலிலானாலும் வீட்டிலானாலும் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. வயலில் அதற்குக் குறைந்த கூலி, வீட்டில் கூலியே கிடையாது. புறவாசலைச் சுத்தமாக வைத்திருந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில். சிமெண்டை ரசனைக்குறைவு என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்ட பின்பும் சிமெண்ட் தவறான விடை என்றே சொல்வேன். களையை ஒரே தடவையில், நிரந்தரமாக முடித்துவிடலாம் என்ற ஆசை அதன் பின்னால் இருக்கிறது. களைக்கொல்லியின் பின்னாலும் அதே ஆசைதான்.

குறளில் களை இரண்டு விதமாக வருகிறது. செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவரை அரசன் ஒறுப்பதற்கு அது உவமை (550). உழவு அதிகாரத்தில் அது வெறும் வேலை: உழுதல், எருவிடுதல், நீர் பாய்ச்சல், காவல் ஆகியவற்றோடு சேர்ந்த, ஒவ்வொரு போகத்திலும் திரும்பிவரும் வேலை (1038). நம் மனத்தில் முதலாவது மட்டுமே தங்கிவிட்டது. வீட்டுக்குத் தேவைப்படுவது இரண்டாவது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களையச் சொல்லும் குறள் (879) பகைவரைப் பற்றியது என்றாலும், சீமைக்கருவேலத்துக்கு அதைவிட நல்ல யோசனை கிடையாது. நாற்றாக இருக்கையில் ஈர மண்ணிலிருந்து இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். வளரவிட்டால், வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

எல்லாக் களையும் ஒன்றல்ல என்பதுதான் இவ்வேலையின் முதல் பாடம். பார்த்தீனியத்தை விட்டுவைக்கவே கூடாது. 1950களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய செடி இது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். வண்டும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. பூக்கும் முன், கையில் உறை அணிந்து, வேரோடு பிடுங்குவதே வழி. உண்ணிச்செடியும் அப்படித்தான். அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து நாட்டுக் காடுகளில் பரவியது அது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையைச் சுமந்து செல்கின்றன. நமக்கு மேற்கே இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். மலையடிவாரத்து வீட்டில் உண்ணிச்செடியை அழகுக்கு வளர்ப்பது, காட்டுக்குள் களை விதைப்பதாகும்.

கோரை வேறு சாதி. 1977இல் வெளிவந்த ‘உலகின் மிக மோசமான களைகள்’ என்ற ஆங்கில நூல் முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். மேலே செதுக்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும், அதையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கிழங்கைத்தான் காயவைத்து அரைத்து நம் பெண்கள் குளியல் பொடியில் சேர்த்தார்கள். சூடானில் பழங்கால மனிதர்களின் பற்காரையில் கோரைக்கிழங்கின் தடயம் கிடைத்ததாக 2014இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

களைக்கொல்லி பற்றியும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக அன்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. துணி உலர்த்தும் இடத்தில், கோழி மேயும் இடத்தில் தெளிக்கும் பொருளா அது? உப்பைக் கரைத்து ஊற்றுவது அதைவிடப் பேதைமை. களையோடு மண்ணும் கெட்டு முருங்கையும் பட்டுப்போகும்.

பாம்புப் பயம் நியாயமானது. புதர் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். ஆனால் சிமெண்ட் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் விறகும் செங்கலும் தென்னை மட்டையும் அடுக்கிவைத்தால் புதரின் வேலையை அந்தக் குவியல் செய்துவிடும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு. அதற்குச் சிமெண்டும் மண்ணும் ஒன்றே. கட்டிலும் கொசுவலையும் டார்ச் விளக்கும்தான் காவல்.

கடைசியில் நாங்கள் சமரசம் செய்துகொண்டோம். வாசற்படியிலிருந்து துவைகல் வரை நடைபாதைக்கு மட்டும் கல் பாவினோம். வீட்டைச் சுற்றி ஆறடிக்குச் செடியும் குவியலும் இல்லாத வெறும் மண். மீதியில் முருங்கை, எலுமிச்சை. அவற்றின் மூட்டில் மட்டும் சருகு மூடாக்கு. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன அந்த மூடாக்கு, வெளிச்சம் படாமல் களை விதையை அடக்கிவைக்கிறது. முதல் மழைக்குப் பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை, கார்த்திகையில் விதை விழுமுன் ஒரு தடவை, கூலி கொடுத்துக் களையெடுப்பு. கூலி என் பொறுப்பு. மண்ணுக்காக வாதாடியவன் நான்தானே.

சென்ற கார்த்திகையில் களையெடுப்பன்று நானும் குத்தவைத்தேன். அரைமணி நேரத்தில் இடுப்பு ஒடிந்தது. பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா என் கையைத் தடுத்தார்: “அதப் பிடுங்காதீங்க தம்பி, தொய்யக்கீரை.” தொய்யக்கீரையும் மூக்கிரட்டையும் தனியாக அவர் மடியில் சேர்ந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தது. அன்று இரவு எங்கள் வீட்டிலும் அந்தக் கீரைதான். அம்மா இன்னும் சிமெண்ட் கட்சிதான். மீதி இடத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.