இரகம் கேட்காமல் முன்பணம் வேண்டாம்

அரிசி வேண்டும் என்று மட்டும் சொல்லி எந்த வணிகரும் மண்டிக்கு ஆள் அனுப்புவதில்லை. பொன்னியா, இட்லி அரிசியா, பழையதா, புதியதா என்று கேட்ட பிறகே விலை பேசுகிறோம். பிளாக்பெர்ரி போன்ற புதுச் சரக்கு என்றதும் இந்த நல்ல வழக்கத்தைக் கைவிடலாகாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாவல் பழத்தையும் ஆங்கிலத்தில் இந்தியன் பிளாக்பெர்ரி என்பதுண்டு. அது மரத்தில் காய்ப்பது. பிளாக்பெர்ரியோ ரோஜாக் குடும்பத்துச் செடி. சிறு மணிகள் ஒட்டிச் சேர்ந்தது போன்ற பழம்.

அடிப்படையில் இது குளிர்நாட்டுப் பயிர். பெரும்பாலான இரகங்கள் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உறங்கினால்தான் ஒழுங்காகப் பூக்கும். மதுரையிலும் திருச்சியிலும் அந்தக் குளிருக்கு எங்கே போவது? பூக்கும் சமயத்தில் கடும் வெயில் அடித்தாலும் காய்ப்பு குறைந்துவிடும்.

அதற்காக, வெப்ப நாடுகளில் இது விளையாது என்று தள்ளிவிடவும் முடியாது. பிரேசிலின் எம்பிராப்பா ஆராய்ச்சி நிறுவனம் 1988-ல் வெளியிட்ட டூப்பி இரகத்துக்குக் குறைந்த குளிரே போதும். மெக்சிகோவில் மிச்சோகான் மாநில விவசாயிகள் அதை மேட்டு நிலங்களில் நட்டு, கவாத்து செய்து, மருந்து தெளித்து இலையை உதிர்த்துப் பூக்க வைத்தார்கள். அமெரிக்கத் தோட்டங்களில் பழம் இல்லாத குளிர்காலத்தில் அங்கே சரக்கை இறக்கினார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2004 முதல், முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும் இரகங்களை வெளியிட்டு வருகிறது. அந்தக் காய்ப்புக்கு உறக்கக் குளிர் தேவையில்லை; ஆனால் வெயில் மிகுந்தால் அதுவும் கெடும்.

ஆகவே, விளைவித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு யார் வந்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரகத்தின் பெயர் என்ன? எந்த ஊரில், எவ்வளவு உயரத்தில் நடுகிறார்கள்? பறித்த பழம் எத்தனை மணி நேரத்தில் குளிர் அறைக்குப் போகும்? இப்பழம் உறைநிலைக்கு அருகில் வைத்தாலும் சில நாட்களே தாங்கும்.

பதில் இல்லையேல் பணமும் இல்லை என்பதில் உறுதியாக இருப்போம். சிறு வணிகரின் முன்பணம் என்பது கடையின் முதல். அதைப் பெயருக்காகக் கொடுக்கக் கூடாது. இரகம் அறிந்து கொடுத்தால் வணிகம். அறியாமல் கொடுத்தால் சூதாட்டம்.