அக்குளையும் பரிசோதிக்க இடம் கொடுங்கள்

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் அஞ்சத் தேவையில்லை என்றெண்ணி, வீட்டாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் மணமேல்குடி வட்டாரத்திலும் உள்ளனர். துணிந்து வருவோரும் கட்டியை மட்டும் காட்டிவிட்டுச் சேலையை இழுத்து மூடிக்கொள்கின்றனர். முழுமையான பரிசோதனையை நாணம் தடுத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

இதற்கு ஊசியோ கதிர்வீச்சோ தேவையில்லை. சில நிமிடங்களே ஆகும். முதலில் உங்களை அமரச் செய்து இரு மார்பகங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தோலில் குழிவு, புதிதாக உள்வாங்கிய காம்பு, இரத்தக் கசிவு ஆகியவை முக்கிய அறிகுறிகள். பின்னர்ப் படுக்கவைத்து, மூன்று விரல்களின் உட்பகுதியால் காறை எலும்பு முதல் மார்பகத்தின் கீழ்மடிப்பு வரை தடவிப் பார்ப்போம்.

"கட்டி மார்பில்தானே, அக்குளை ஏன் தொடுகிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் முடிச்சுகளுக்கே செல்கிறது. நோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் சேருமிடமும் அதுவே. ஆகவே அக்குளைப் பாராத பரிசோதனை அரைகுறையானது.

கைப்பரிசோதனையால் பயனுண்டா? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவில் முற்றிய நிலையில் நோய் கண்டறியப்படுவது குறைந்தது. 50 வயதைக் கடந்தோரிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் இறப்பு குறைந்ததாக உறுதிப்படவில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையை நடுவணரசின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் அதனைக் கையால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. ஸ்கேன், மேமோகிராம், ஊசிப் பரிசோதனை ஆகியவை தேவைப்படலாம். கையில் ஒன்றும் தென்படாவிடினும், பின்னர் மாற்றம் தெரிந்தால் மீண்டும் வாருங்கள்.

மறைப்புத் திரையும், உடனிருக்கப் பெண் செவிலியரும் வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. குடும்பத்தாரே, "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு அமைதியடையாதீர்கள், துணையாக அழைத்து வாருங்கள்.